செல்ஃப் மோட்டார் மக்கர் செய்கிறது: பழுது பார்ப்பதா, மாற்று மோட்டாரா, புதியதா?

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. செல்ஃப், அதாவது எஞ்சினைத் திருப்பிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார், மக்கர் செய்கிறது. பக்கத்துத் தெரு ஆட்டோ எலக்ட்ரீசியன், "கழற்றிக் கொடுங்கள், பிரஷ் மாற்றித் தருகிறேன்" என்கிறார். சர்வீஸ் சென்டரில், "நாங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை சார், புதிய செல்ஃப்தான்" என்கிறார்கள். உதிரிபாகக் கடைக்காரர் பழையதைக் கொடுத்துவிட்டு ரீகண்டிஷன் செய்ததை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். டாக்ஸி ஓட்டும் நண்பரோ, உடைத்த வண்டிகளின் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனால் கால்வாசிப் பணத்தில் காரியம் முடிந்துவிடும் என்கிறார். நான்கு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவருக்கு எது பழக்கமோ அதற்கேற்ற பதிலைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

எட்டு, பத்து ஆண்டுகள் ஓடிய 12 வோல்ட் காரோ சிறிய சரக்கு வண்டியோ வைத்துக்கொண்டு இந்த நால்வருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். மோட்டாரின் விலையை ஒப்பிட்டு முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு முறை செலவு செய்கிறார்கள். உள்ளே எந்தப் பாகம் போனது, கழற்றி மாட்ட எவ்வளவு கூலி என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்துவிட்டால் முடிவு பாதி தானாகவே வந்துவிடும்.

## விலையை ஐந்தாவதாகக் கேளுங்கள்

முதல் கேள்வி, போனது எது என்பது. பேட்டரியிலிருந்து பல்சக்கரம் வரை ஏழெட்டு இடங்களில் எங்கே கோளாறு இருந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: வண்டி ஸ்டார்ட் ஆகாது. இதைத் தனியாகக் கீழே பார்க்கலாம்.

இரண்டாவது, கழற்றும் கூலி. சில கார்களில் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்தால் செல்ஃப் கண்ணுக்குத் தெரியும். இரண்டு போல்ட், இரண்டு வயர், அரை மணி நேர வேலை. சிலவற்றில் வண்டியைத் தூக்கிக் கீழிருந்துதான் கைவிட முடியும். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் மோட்டாரைத் தொடவே முடியும் என்ற எஞ்சின்களும் உண்டு. பெரும்பாலான வாரண்டி அட்டைகளில் பொருளுக்குத்தான் உத்தரவாதம். மறுபடி கழற்றுகிற கூலி உங்கள் தலையில். ஆகவே கூலி அதிகமாகும் வண்டியில் மலிவான மோட்டார் என்பது பெரும்பாலும் கண்துடைப்பு.

மூன்றாவது, மறுபடி நின்றால் என்ன கதி? கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். (அதையும் வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது, எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும்.) ஆட்டோமேட்டிக் வண்டியில் அந்த வழியும் இல்லை. செல்ஃப் எடுக்காவிட்டால் இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான்.

நான்காவது, வண்டியை இன்னும் எத்தனை காலம் வைத்திருக்கப் போகிறீர்கள்? பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிப்பதா விற்பதா என்று யோசிக்கும் வண்டிக்கும், இன்னும் ஏழாண்டு ஓட வேண்டிய வண்டிக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

இவற்றுக்குப் பிறகுதான் விலை.

## கழற்றுவதற்கு முன் காது, அதற்குப் பின் மீட்டர்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். விளக்கையும் சத்தத்தையும் சேர்த்துக் கவனித்தால் பாதி நோய் தெரிந்துவிடும்.

'டக டக டக' என்று வேகமாக அடித்து, விளக்கும் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்தான் சோலனாய்டு. அதற்குள் இரண்டு சுருள்கள் உண்டு: ஒன்று இழுப்பதற்கு, மற்றொன்று பிடித்து வைப்பதற்கு. இழுத்துத் தொட்டவுடன் மோட்டார் கரண்ட்டை உறிஞ்சுகிறது, வோல்டேஜ் சரிகிறது, பிடிக்கும் சுருளுக்குத் தெம்பு போதாமல் விட்டுவிடுகிறது, வோல்டேஜ் ஏறியதும் மறுபடி இழுக்கிறது. அந்தப் படபடப்புதான் அந்தச் சத்தம். இதற்காகச் செல்ஃபைக் கழற்றுவது வீண்.

ஒரே ஒரு 'டக்', விளக்கு மங்கவே இல்லை என்றால் மோட்டாருக்குள் கரண்ட் போகவில்லை. சோலனாய்டின் செம்புத் தொடுமுனைகள் கருகியிருக்கும், அல்லது மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு உரசியபடி கரண்ட் கொடுக்கும் பிரஷ் தேய்ந்து முடிந்திருக்கும். இரண்டுமே மலிவான வியாதிகள்.

ஒரே 'டக்', ஆனால் விளக்கு அணைகிற அளவுக்கு மங்குகிறது என்றால் கரண்ட் போகிறது, மோட்டார் சுற்றவில்லை. மோட்டாருக்குள் சுற்றும் பகுதியான ஆர்மேச்சர் இறுகியிருக்கலாம், எஞ்சினே இறுகியிருக்கலாம். மழைநீரில் ஓடிய அல்லது நின்ற வண்டியில் இந்த அறிகுறி கண்டால் சாவியை விட்டுவிடுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் தொடர்ந்து முயல்வது கனெக்டிங் ராடை வளைத்துவிடும். செல்ஃபைப் பற்றிய பேச்சே அப்போது இரண்டாம்பட்சம்.

'விர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால், பெண்டிக்ஸ் என்று கடைகளில் சொல்கிற பினியன் (மோட்டார் முனையில் உள்ள சிறு பல்சக்கரம்) தொகுதியின் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது. இல்லாவிட்டால் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரில் அந்த இடத்துப் பற்கள் போய்விட்டன. இந்த இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் இரண்டே நிலைகளில் ஒன்றில்தான் வந்து நிற்கும். எனவே ரிங் கியர் அந்த இரண்டு இடங்களில்தான் தேயும். சாவியை எடுத்துவிட்டு, கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது ஒழுங்காகப் பிடித்தால் குற்றவாளி ரிங் கியர். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். புதிய செல்ஃப் வாங்கிப் போட்டு இரண்டு மாதத்தில் பினியன் பல் உடைந்து வருகிறவர்களில் பலர், இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள்.

சத்தமே இல்லை என்றால் ரிலே, ஃபியூஸ், கிளட்ச் பெடல் சுவிட்ச், ஆட்டோமேட்டிக்கில் பிரேக் சுவிட்ச் அல்லது பார்க்–நியூட்ரல் சுவிட்ச். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் சாவியின் சிறு பேட்டரி தீர்ந்ததுகூடக் காரணமாக இருக்கும்.

அடுத்தது மீட்டர். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. அதில் தேறிவிட்டால் கேபிளைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்தின் மீதும் (கிளாம்பின் மீது அல்ல), மறுமுனையைச் சோலனாய்டில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டின் மீதும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளில் இழப்பு. அதேபோல் நெகட்டிவ் கம்பத்துக்கும் மோட்டார் உடலுக்கும் நடுவே 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. செல்ஃப் சாதாரணமாக 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஓமில் நூறில் ஒரு பங்கு தடை 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். பச்சை பூத்த ஒரு டெர்மினல், கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையின் துருப்பிடித்த ஒரு போல்ட், இவ்வளவு தடைக்குத் தாராளமாகப் போதும். ஜம்பர் கேபிளால் பேட்டரி நெகட்டிவையும் எஞ்சின் பிளாக்கையும் நேரடியாக இணைத்துப் பார்த்து, செல்ஃப் துள்ளிக்கொண்டு சுற்றினால் அந்த நால்வருக்கும் வேலையில்லை; எர்த் பட்டை ஒன்று வாங்கினால் போதும்.

## இது ஏன் கிலோமீட்டர் கணக்கில் சாவதில்லை

1912-ஆம் ஆண்டு காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்த சார்லஸ் கெட்டரிங், அதற்கு முன் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் கடைகளின் கல்லா இயந்திரத்துக்கு மின்மோட்டார் செய்தவர். கல்லா மோட்டார் நாள் முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை. பெட்டி திறக்கும் நேரம் வரை உழைத்தால் போதும். சில நொடிகள்தான் வேலை என்றால் சிறிய மோட்டாரையே அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம் என்ற அந்தக் கணக்கைத்தான் அவர் காருக்கும் போட்டார். இன்றைய செல்ஃபும் அதே கணக்கில்தான் பிழைக்கிறது. சிறிய பெட்ரோல் காரில் ஏறக்குறைய ஒரு கிலோவாட், டீசலில் அதைவிடக் கூடுதல். ஒன்பது பத்துப் பல் உள்ள பினியன், நூறு பல்லுக்கு மேல் உள்ள ரிங் கியரைச் சுற்றி எஞ்சினை நிமிடத்துக்கு 200 சுற்று அளவில் திருப்புகிறது. பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து திருப்பினால் உள்ளே வெப்பம் எங்கும் போக வழியில்லை. ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் அரை நிமிடமாவது இடைவெளி வேண்டும் என்பது அதனால்தான்.

இதிலிருந்து ஒப்பீட்டுக்குத் தேவையான ஒரு விஷயம் கிடைக்கிறது. செல்ஃபின் ஆயுளைத் தீர்மானிப்பது எத்தனை முறை ஸ்டார்ட் செய்தீர்கள், ஒவ்வொரு முறையும் எத்தனை நொடி பிடித்தீர்கள் என்பதே. குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கும் குளோ பிளக் போன டீசல் வண்டி, காலையில் எட்டு நொடி இழுத்துத்தான் கிளம்பும் வண்டி ஆகியவற்றில் எந்த மோட்டாரைப் போட்டாலும் கொஞ்ச நாளில் திரும்பி வரும். எஞ்சின் கோளாறைச் சரிசெய்யும் செலவையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

## பிரித்துப் பழுது பார்ப்பது

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான், ஆனால் நிபந்தனைகளோடு.

பிரஷ், சுற்றும் தண்டைத் தாங்கும் புஷ், சோலனாய்டு, பெண்டிக்ஸ் ஆகிய நான்கும் தேய்வதற்கென்றே இருக்கிற பாகங்கள். இவற்றில் ஒன்றோ இரண்டோ போனதற்காக நல்ல ஆர்மேச்சரும் நல்ல உடலும் உள்ள மோட்டாரைத் தூக்கிப் போடுவது வீண் செலவு. முதலில் ஆர்மேச்சர் நன்றாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பிரஷ் உரசும் செம்பு வளையம், அதாவது கம்யூட்டேட்டர், சாக்லேட் நிறத்தில் வழவழவென்று இருந்தால் ஆரோக்கியம். இரண்டு பட்டைகளுக்கு நடுவே மட்டும் கருகியிருந்தால் உள்ளே ஒரு சுற்று அறுந்திருக்கிறது. உடலின் உள்சுவரில் ஈயத் துளிகள் தெறித்து ஒட்டியிருந்தால் மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகி, இணைப்பு உருகிப் பறந்திருக்கிறது. அதோடு பேச்சு முடிந்தது. ஆர்மேச்சரின் இரும்புப் பரப்பில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று உரசிய தடம் தெரிந்தால் புஷ் தேய்ந்து, ஆர்மேச்சர் காந்தத்தில் உராய்கிறது. சூடான எஞ்சினில் மட்டும் செல்ஃப் சோம்புகிறது என்று புகார் சொல்பவர்களின் மோட்டாரில் இந்தத் தடம் அடிக்கடி இருக்கும். ஏற்கெனவே செம்புச் சுருளின் தடை 25 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடிவிடுகிறது. உராய்வும் சேர்ந்துகொண்டால் மோட்டார் என்ன செய்யும்?

ஆர்மேச்சர் போயிருந்தால் 'காயில் கட்டித் தருகிறேன்' என்பதற்குத் தலையாட்டாதீர்கள். ஃபேனுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கட்டுகிற மெல்லிய கம்பி இங்கே இல்லை. தடித்த செம்புப் பட்டைகள், கம்யூட்டேட்டரில் வெல்டிங் செய்த இணைப்புகள். சாதாரண ஈயப் பற்றில் ஒட்டினால் அடுத்த கோடையில் அதுவும் தெறிக்கும். ஆர்மேச்சரை முழுதாக மாற்ற வேண்டும். அந்தச் செலவோடு மற்றவற்றையும் கூட்டினால் புதிய மோட்டார் விலையில் ஐந்தில் இரண்டு பங்கைத் தாண்டுகிறதா? அப்படியானால் நான் பழுது பார்க்க மாட்டேன்.

மறைமுகச் செலவுகள் வேலையின் தரத்தில் இருக்கின்றன. செல்ஃப் பிரஷ்ஷில் செம்பு அதிகம் கலந்திருக்கும். வேறு மோட்டாரின் கரிப் பிரஷ்ஷை அரத்தால் தேய்த்து நுழைத்தால் மோட்டார் ஓடும், இழுவை இருக்காது. எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ்ஷுக்குப் பதில் லேத்தில் கடைந்த பித்தளைப் புஷ் போட்டால் சீக்கிரம் தேயும். எல்லாவற்றையும் பெட்ரோல் தொட்டியில் முக்கிக் கழுவுகிற பழக்கம் இன்னொன்று: பளிச்சென்று வரும், ஆனால் பெண்டிக்ஸின் ஒருவழிக் கிளட்ச்சுக்குள் ஆயுளுக்கும் அடைத்த கிரீஸும் பெட்ரோலோடு போய்விடும். அதைத் துணியால் துடைத்தால் போதும் என்று தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் மோட்டாரைத் தரையில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு வயரைத் தொட்டு 'விர்ர்' என்று சுற்றிக் காட்டுவார்கள். இது பார்க்க நன்றாக இருக்கும். சுமையில்லாமல் சுற்றுவது சுமையோடு சுற்றும் என்பதற்குச் சான்று ஆகாது. வண்டியில் மாட்டி, சூடான எஞ்சினில் ஸ்டார்ட் செய்து, அப்போது பேட்டரியில் வோல்டேஜ் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போகிற போக்கில் ஒன்று. செல்ஃப் எடுக்காதபோது சுத்தியால் இரண்டு தட்டு தட்டினால் எடுக்கும் என்பது தேய்ந்த பிரஷ் உள்ள பழைய மோட்டார்களில் உண்மை. இன்றைய சிறிய மோட்டார்கள் பலவற்றில் காயிலுக்குப் பதில் ஃபெரைட் நிரந்தரக் காந்தங்கள் உள்ளன. பீங்கானைப் போல உடையும் பொருள் அது. காந்தம் விரிசல் விட்டால் பழுது பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

## பழையதைக் கொடுத்து ரீகண்டிஷன் வாங்குவது

இதன் ஒரே பெரிய பலம் நேரம். காலையில் கொடுத்துவிட்டு மதியம் வண்டியை எடுத்துவிடலாம். வாடகை வண்டிக்காரர்களுக்கு ஒரு நாள் நிற்பது ஒரு நாள் வருமானம். அவர்களுக்கு இது நியாயமான வழி.

மற்றவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நீங்கள் கொடுக்கிற மோட்டாரின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். வாங்குகிற மோட்டாரின் சரித்திரம் வெள்ளிப் பெயின்டுக்கு அடியில் இருக்கிறது. ரீகண்டிஷன் என்ற சொல்லுக்குள் இரண்டு தரங்கள் அடங்கியிருக்கின்றன. தேயும் பாகங்கள் அனைத்தையும் கட்டாயமாக மாற்றி, சுமையேற்றிச் சோதித்து அனுப்புவது ஒன்று. கெட்டுப்போனதை மட்டும் மாற்றி, துடைத்து, பெயின்ட் அடிப்பது இன்னொன்று. இரண்டாவதுக்கும் முதலாவதன் விலையைக் கேட்பவர்கள் உண்டு. 'எதையெல்லாம் மாற்றினீர்கள், பில்லில் எழுதித் தருவீர்களா' என்று கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அடுத்த கடை.

வெறும் பிரஷ் போன உங்கள் நல்ல மோட்டாரைக் கொடுத்துவிட்டு, மேலே பணமும் கட்டி, தெரியாத ஆர்மேச்சரை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் இதில் பெரிய நஷ்டம். ஆர்மேச்சரே போய்விட்ட மோட்டாரைக் கொடுத்து வாங்குவது அதற்கு நேரெதிர். அங்கே லாபம் உங்களுக்கு. கொடுக்கும் பழையதற்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதையும், மோட்டார் உடல் உடைந்திருந்தால் அந்தத் தொகையைக் குறைப்பார்களா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

## உடைத்த வண்டியிலிருந்து எடுத்தது

சென்னையில் புதுப்பேட்டை; மற்ற ஊர்களிலும் பழைய இரும்புக் கடைகளை ஒட்டி இப்படியொரு தெரு இருக்கும். உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு வேறு நாதியில்லாதபோதும், இன்னும் சில மாதங்களில் விற்கப்போகிற வண்டிக்கும் இது பொருந்தும். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கழற்றிய மோட்டாரைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். போல்ட் துளைகளின் இடைவெளி, பினியனின் பல் எண்ணிக்கை, சுற்றும் திசை, லேபிளில் உள்ள கிலோவாட் நான்கும் ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடலில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் மோட்டார் வேறு. பினியன் பற்களின் முன்விளிம்பு மழுங்கியிருக்கிறதா, தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சேறு படிந்த கோடு தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்: 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் கொஞ்சமல்ல, செல்ஃப் எஞ்சினின் அடிப்பகுதியில் இருப்பதால் முதலில் குளிப்பதும் அதுதான். பிரஷ், புஷ் மாற்றாமல் இந்த மோட்டாரை அப்படியே மாட்டக் கூடாது. அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தால் 'கால்வாசி விலை' அவ்வளவு கால்வாசியாக இருக்காது.

## புதியது

புதியதிலும் மூன்று உண்டு. கார் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பெட்டி, மோட்டாரைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்தப் பெட்டி, பெயர் தெரியாத பெட்டி. கார் நிறுவனங்கள் பொதுவாகச் செல்ஃபைத் தாங்களே செய்வதில்லை. சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், டென்சோ, வேலியோ போன்றவர்களிடமிருந்து வாங்கிப் பொருத்துகிறார்கள். உங்கள் பழைய மோட்டாரின் லேபிளில் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் இருக்கும். அதே எண்ணைத் தயாரிப்பாளரின் டீலரிடம் கேட்டால், அதே மோட்டார் வேறு பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கப் பெரிதும் வாய்ப்புண்டு. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினால் இந்த வித்தியாசம் புரியும். பாஷ் மோட்டார் இருந்த வண்டிக்கு எஸ்இஜி என்று அச்சிட்ட பெட்டியைக் கொடுத்தால் போலி என்று பயப்பட வேண்டாம். பாஷின் ஸ்டார்ட்டர் பிரிவுதான் 2018 முதல் அந்தப் பெயரில் தனி நிறுவனமாக இருக்கிறது.

மூன்றாவது பெட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நல்ல பழைய மோட்டாரைப் பழுது பார்ப்பது அதைவிட மேல்.

புதியதன் மறைமுகச் செலவு, அது மற்ற கோளாறுகளைச் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கையில் இருக்கிறது. தேய்ந்த ரிங் கியரில் புதிய பினியன் உடையும். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து மோட்டாருக்குள் எண்ணெய் புகுந்திருந்தால், புதியதற்குள்ளும் அதே எண்ணெய்தான் போகும். சாகக் கிடக்கும் பேட்டரியோடு புதிய செல்ஃப் போட்டால் சோலனாய்டு தொடுமுனைகள் படபடத்துக் கருகும். வாரண்டி கேட்டுப் போகும்போது முதலில் உங்கள் பேட்டரியைத்தான் சோதிப்பார்கள். வாகன உதிரிபாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று பில் இல்லாமல் வாங்கினால் வாரண்டியும் இல்லை.

| | பழுது பார்ப்பது | ரீகண்டிஷன் மாற்று | உடைத்த வண்டிச் சரக்கு | புதியது |
|---|---|---|---|---|
| கைக்காசு | குறைவு | நடுத்தரம் | குறைவு, ஆனால் பிரஷ்–புஷ் செலவு சேரும் | அதிகம் |
| வண்டி நிற்கும் நேரம் | ஒரு நாளோ இரண்டோ | சில மணி நேரம் | தேடும் நேரம் தனி | கையிருப்பு இருந்தால் சில மணி நேரம் |
| மறுபடி கழற்றும் அபாயம் | கைத்திறனைப் பொறுத்தது | கடையைப் பொறுத்தது | அதிகம் | குறைவு |
| உத்தரவாதம் | பெரும்பாலும் வாய்ச்சொல் | சில மாதங்கள், பில் இருந்தால் | இல்லை | உண்டு, கூலி நீங்கலாக |
| எப்போது சரி | பிரஷ், புஷ், சோலனாய்டு, பெண்டிக்ஸ் போனால் | ஆர்மேச்சர் போய், அவசரமும் இருந்தால் | கிடைக்காத மாடல், விற்கப்போகும் வண்டி | கழற்றும் கூலி அதிகம், ஆட்டோமேட்டிக், நீண்ட காலம் வைத்திருக்கும் வண்டி |

## சில வண்டிகள், சில பதில்கள்

செல்ஃப் எளிதில் கைக்கு எட்டும் சிறிய பெட்ரோல் கார், கியர் வண்டி, முதல் முறையாக மக்கர்: கண்ணை மூடிக்கொண்டு பழுது பாருங்கள். அதே கார் ஆட்டோமேட்டிக்காக இருந்து, அதை இரவில் தனியாக ஓட்டுகிறவர் வீட்டில் இருந்தால் புதியதை வாங்குங்கள். பழைய மோட்டாரில் பிரஷ் மாற்றி வீட்டில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய டீசல் சரக்கு வண்டியில் இருப்பது பெரும்பாலும் கனமான, காயில் கட்டிய மோட்டார். அது பிரித்து மாட்டுவதற்கென்றே பிறந்தது. பாகங்களும் எந்த ஊரிலும் கிடைக்கும். பழுதுதான். 24 வோல்ட் லாரி, பஸ்களுக்கும் இதே பதில். நாலைந்து வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு மோட்டாரைத் தயார் நிலையில் கையிருப்பு வைத்துச் சுழற்றினால் ரீகண்டிஷன் கடையே தேவைப்படாது.

சமீபத்திய டீசல்களிலும் பெட்ரோல்களிலும் உள்ள இலகுவான மோட்டார்களுக்குள் சிறு கோள்பல்சக்கரத் தொகுதி ஒன்று இருக்கும். மோட்டார் வேகமாகச் சுற்றி, அந்தப் பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். இவற்றில் வெளிவட்டம் பிளாஸ்டிக்காக இருந்தால், பிரிக்கும்போது விரிசலைப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு செலவு செய்ய வேண்டும். பிரஷ், சோலனாய்டு வரை சரி; காந்தமோ பல்சக்கரமோ போனால் மாற்றிவிடுங்கள்.

சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்பும் ஸ்டார்ட்–ஸ்டாப் வண்டிகள் தனி இனம். ஒரு நாளில் மற்ற வண்டிகளைவிடப் பல மடங்கு ஸ்டார்ட் ஆவதால், இவற்றின் பிரஷ், புஷ், பினியன் எல்லாமே அதற்கேற்பச் செய்தவை. கடையில் கிடைக்கும் சாதாரணப் பிரஷ் செட் அளவில் பொருந்தினாலும் ஆயுளில் பொருந்தாது. அந்த மாடலுக்கான பாகம் என்று எண்ணைக் காட்டிக் கொடுக்க முடிகிற எலக்ட்ரீசியன் கிடைத்தால் பழுது, இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் பெட்டியில் உள்ள புதியது. பேட்டரியையும் அந்த வகைக்கு உரியதாகவே போட வேண்டும். பெல்ட் வழியாக எஞ்சினைத் திருப்பும் ஸ்டார்ட்டர்–ஜெனரேட்டர் உள்ள மைல்டு ஹைபிரிட் கார்களில், காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு வழக்கமான செல்ஃபும் கூடவே இருக்கும் மாடல்கள் உண்டு. அத்தகைய காரில் காலையில் மட்டும் தகராறு, சிக்னலில் ஒழுங்காகக் கிளம்புகிறது என்றால், மேலே சொன்ன சோதனைகளைச் செய்ய வேண்டியது அந்தப் பழைய பாணி செல்ஃபில்தான். பெல்ட் மோட்டாரில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.